சத்தம் போடாத வண்டி

என் கணவர் நடக்க முடியாமல் போனது ஒரு விளையாட்டில். அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மலைப்பாதையில் பைக் ஓட்டும் நாள். மற்றவர்கள் பெட்ரோல் பைக் வைத்திருந்தார்கள். பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் இவர் மட்டும் கொழும்புக்குப் போய், மின்சாரத்தில் ஓடும் மலை பைக் ஒன்றைக் கொண்டு வந்தார். உயரமான சீட், பல் வைத்த தடித்த டயர், சேறு அடைக்காமல் தூக்கி வைத்த மட்கார்ட். சைலன்சர் கிடையாது, கியர் கிடையாது. ஓடும்போது சங்கிலி உராயும் சத்தமும் டயர் தரையைக் கடிக்கும் சத்தமும்தான் கேட்கும். பன்விலக்கு மேலே, காடாகிப்போன ஒரு தேயிலை மலையில் அந்த வண்டியோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வண்டிக்கு ஒரு கைப்பிடி ரப்பர் கிழிந்தது, அவ்வளவுதான்.

விழுந்த கதையைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். மேட்டை முழு வேகத்தில் ஏறியதாகவும், உச்சியில் வண்டி ஆகாயத்தில் எழும்பியதாகவும், இறங்கிய இடத்தில் ஒரு பாறை முன்சில்லைத் தட்டிவிட்டதாகவும். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நிற்பேன். ஒவ்வொரு தடவையும் வண்டி இன்னும் கொஞ்சம் உயரமாக எழும்பும்.

அவர் கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். நான் ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். படித்து, டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலைக்கு வந்தபோது அவராகத்தான் விரும்பிக் கட்டினார். அந்த விருப்பத்தை விழுவதற்கு முன்பே பலதடவை எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறார். விழுந்த பிறகு அதைத் தவிர அவருக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. குளிப்பாட்டும்போது, "கூடை தூக்குற பரம்பரைக்கு ஆளைத் தூக்கத் தெரியல" என்பார். சோறு ஊட்ட வேண்டியதில்லை, கை நன்றாகவே இருந்தது. ஆனாலும் என்னை ஊட்டச் சொல்லுவார். வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீடு இருக்கும் குண்டசாலையிலிருந்து நான் டவுனுக்கு பஸ்ஸில் போய் வந்தேன். மத்தியானம் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பாமசி முதலாளி மத்தியானம் வெளியே போக விட்டார், ஆனால் தென்னக்கும்புர பாலத்தில் பஸ் நின்றால் நின்றதுதான். வீட்டுக்கு வந்து அவரைத் திருப்பிவிட்டுத் திரும்ப ஓடினால், கவுண்டரில் ஆட்கள் சீட்டை நீட்டிக்கொண்டு முனகுவார்கள்.

கூட்டாளிகளில் இளையவன் ஒருவன் மட்டும்தான் அதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்து போனான். போன் திருத்துகிற கடையில் வேலை. விறாந்தையில் படங்குச் சீலை போட்டு மூடி வைத்திருந்த வண்டியைப் பார்த்து ஒருநாள் சொன்னான்: "சும்மா தானே நிக்கிது. அண்ணி ஓட்டலாமே. டிராபிக்ல எறும்பு மாதிரி பூந்து வந்துறலாம்."

என் கணவர் சிரித்தார். விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. "இவளா? சரி, ஓட்டட்டும். நானே பழக்குறேன். எனக்கும் பொழுது போகணுமே."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மானாப் புல் வளர்ந்த தரிசு நிலம் ஒன்று மகாவலி ஆறு வரைக்கும் சரிந்து போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைச் சில்லுக் கதிரையில் வைத்துப் பின்கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். அவர் அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொல்லித்தருவார். அந்த வண்டியில் கைப்பிடியைத் திருக்கிய உடனே இழுவை வந்துவிடும், பெட்ரோல் பைக்கைப் போல யோசித்து வராது. முதல் தடவை திருக்கியபோது வண்டி எனக்கு முன்னால் ஓடியது, நான் பின்னால் புல்லில் கிடந்தேன். எழும்பிப் பார்த்தால் அவர் கையில் போன். படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம்," என்றார்.

நான் விழுந்த படங்களெல்லாம் அவருடைய பைக் கூட்டாளிகளின் குரூப்புக்குப் போயின. சேற்றில் முகம் குப்புற விழுந்தது, கொய்யா மரத்தில் மோதியது, வண்டி காலின்மேல் சாய்ந்து இழுக்க முடியாமல் நான் தவித்தது. சிரிக்கிற முகங்களும் கேலி வார்த்தைகளும் அதற்குக் கீழே வந்து விழும். அவற்றை எனக்கு வாசித்துக் காட்டுவார். ஒருநாள் பாமசிக்கு மருந்து வாங்க வந்த ஒருவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த மரத்துல மோதுனது நீங்க தானே" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் போனை எடுத்துக் காட்டவும் செய்தான். நான் அவனுடைய மாத்திரைகளை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். திட்டித் திட்டித்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் ஒளிக்கவில்லை, அப்போது.

"உக்காராதடி, எந்திரிச்சி நில்லு. முட்டிய மடக்கு. கண்ண சில்லுக்கிட்ட வைக்காத. எங்க போகணுமோ அங்க பாரு. கல்லப் பாத்தா கல்லுக்குத்தான் போவ."

"பள்ளம் வந்தா?"

"பள்ளத்துக்கு முன்னால கைய லேசா முறுக்கு, ஒடம்ப பின்னால தள்ளு. முன்சில்லு தானா தூக்கும். பயந்து பிரேக் புடிச்சா செத்த."

மழைக்காலம் முடிகிறபோது நான் வீதிக்கு வந்துவிட்டேன். சல்வாருக்கு மேலே துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, அவருடைய பெரிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போவேன். த்ரீவீல்காரர்கள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள், சிலர் கேட்கக் கூடாததைக் கேட்பார்கள். வாவிக்கரையில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, நம்பர் பிளேட்டைத் தடவிப் பார்த்து, "நங்கி, சத்தம் எங்க?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், சிங்களத்தில் கேட்டார். சத்தம் இல்லை என்றேன். அப்படியானால் ஆட்கள் எப்படி விலகுவார்கள் என்று கேட்டார். நான் ஹார்னைத் தொட்டுக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்.

பாலத்தில் பஸ்கள் அடைத்து நிற்கும்போது நான் ஓரமாகப் போவேன். ஜன்னலில் கன்னத்தை வைத்துத் தூங்குகிற பெண்களை, நேற்று வரைக்கும் நானாக இருந்தவர்களை, கடந்து போவேன். வீதியில் வேலை நடந்து தோண்டிப் போட்டிருந்தால் மற்றவர்கள் தயங்கி நிற்பார்கள், நான் எழுந்து நின்று மண்மேட்டின்மேல் ஏறி இறங்குவேன். சம்பளம் கூடியபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, அவரைத் திருப்பி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, சாப்பாடு வைத்துவிட்டு நேரத்துக்குக் கடைக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது விழுவதில்லை. ஆற்றங்கரைச் சரிவில் இறங்கி, வேர்களின்மேல் ஏறி, புல்லுக்குள் வளைந்து திரும்பி வருவேன். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு படமும் எடுக்கவில்லை. குரூப்பில் யாரோ, "அண்ணி ஓட்டுறத நிப்பாட்டிட்டாங்களா" என்று கேட்டதற்கு இவர் பதில் எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை, தலையணையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "வீட்டுக்குப் பின்னால சுத்துறதெல்லாம் ஓட்டமா. பன்வில மேட்டுக்குப் போ. நான் விழுந்த மேடு. அத ஏறிக் காட்டு."

"எதுக்கு?"

"பயமா?"

"நீங்க விழுந்த எடம். எனக்கு எதுக்குனு கேட்டேன்."

"நான் வேகத்துல விழுந்தேன். நீ மெதுவா போ. ஒண்ணும் இல்ல, சாதாரண ரோட்டு. கல்லு ரோட்டு. மேல போனதும் திரும்புனா சமதரை. நல்லா முறுக்கிக்கிட்டே திரும்பு, இல்லாட்டி சறுக்கும்."

முறுக்கிக்கொண்டே திரும்பு என்பதை இரண்டு தடவை சொன்னார். இளையவனையும் கூப்பிட்டு என்னோடு போய்ப் படம் எடுத்துவரச் சொன்னார். கூப்பிட்டபோது என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு அவனிடம் பேசினார்.

மறுநாள் வத்தேகம தாண்டிப் பன்விலக்கு ஏறினோம். இளையவன் தன் பெட்ரோல் பைக்கில் முன்னால் போனான், வீதியில் என்னைக் கண்டால் திரும்பிப் பார்த்துக் கையசைப்பவன் அன்று ஒருதடவைகூடத் திரும்பவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டி, பழைய லொறிப் பாதை ஒன்று மேலே போகும் இடத்தில் நிறுத்தினான். தேயிலை மரமாக வளர்ந்துவிட்டிருந்தது. பாதையில் மழைத்தண்ணீர் ஓடி மண்ணெல்லாம் போய், கல்லும் வேரும் மிஞ்சியிருந்தன. நான் செருப்பு மாற்றிச் சப்பாத்துப் போடக் குனிந்தேன். அதற்குள் குதிகாலில் ஒரு அட்டை.

"அண்ணி," என்றான். என்னைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துச் சொன்னான்: "மேல திரும்புன ஒடனே குறுக்கால ஒரு கான் வெட்டியிருக்கு. தண்ணி ஓட. புல்லு மூடியிருக்கும், தெரியாது."

"அவருக்குத் தெரியுமா?"

"அதுல தானே விழுந்தாரு."

"எனக்குச் சொல்லச் சொன்னாரா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினான். "சொல்ல வேணாம்னு சொன்னாரு. நீ முன்னால போகாத, பின்னால நின்னு வீடியோ எடுனு சொன்னாரு."

அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். இரத்தம் நிற்காமல் சப்பாத்துக்குள் ஒழுகியது. எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் உடனே வரவில்லை. கல்யாணமான புதிதில் இந்த மனிதர் எனக்குக் காய்ச்சல் என்று கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வந்ததும் போய்விட்டது.

வண்டியை வைத்துவிட்டு நடந்தே மேலே போனோம். திருப்பத்தில் ஒரு வயதான அம்மா மாட்டுக்கு மானாப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நான் கானைத் தேடிக் குனிவதைப் பார்த்துவிட்டு, அரிவாளை நீட்டிக் காட்டினார். முழங்கால் ஆழம். ஓரத்தில் கல் அடுக்கியிருந்தது.

"பாத்துக்கம்மா. முந்தி ஒரு ஐயா இதுல தான் விழுந்து கெடந்தாரு. டவுன் ஐயா."

"வேகமா வந்தாரா?"

"எங்க வேகம். உருட்டிக்கிட்டு தான் வந்தாரு, காலு ரெண்டையும் தரையில ஊனிக்கிட்டு. மேடு ஏற பயம் போல. கானுல முன்சில்லு எறங்குச்சு, நின்ன மாதிரியே சாஞ்சாரு. வண்டி மேல."

"அப்புறம்?"

"அம்மா அம்மானு கூப்பிட்டாரு. கூட வந்தவங்க சிரிச்சிக்கிட்டே நின்னாங்க. போன்ல புடிச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சி தான் ஆளு எந்திரிக்க ஏலாதுனு வெளங்குச்சு. கையில ரெண்டு பேரு, கால்ல ரெண்டு பேரு, மூட்ட மாதிரி தூக்கிட்டுப் போனாங்க. நான் அப்பிடித் தூக்காதீங்கனு சொன்னேன். யாரு கேட்டா."

இளையவன் கானுக்குள் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாலு பேரில் அவனும் ஒருவன். முதுகெலும்பில் அடிபட்டவரை அப்படித் தூக்கியிருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது என்பது அவன் நின்ற விதத்தில் தெரிந்தது. அந்த அம்மா புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் இனி வராதீங்க, எங்க கண்ணு மலைக்கும் ஒங்க டயரு தான் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணு மலை என்றால் புதிதாகத் தேயிலைக் கன்று நட்ட இடம். கீழே, நட்டு வேர் பிடிக்காத கன்றுகளுக்கு நடுவே டயர்த் தடம் போயிருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன்.

நான் இறங்கிப் போய் வண்டியை எடுத்தேன். "அண்ணி, வேணாம், போவோம்" என்றான். போனை எடுக்கச் சொன்னேன்.

எழுந்து நின்று, முட்டியை மடக்கி ஏறினேன். பின்சில்லு கல்லில் ஒருதடவை சுழன்று பிடித்துக்கொண்டது. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தேன், புல்லுக்கு அப்பால் பார்த்தேன், கையை லேசாக முறுக்கி உடம்பைப் பின்னால் தள்ளினேன். முன்சில்லு கானைத் தாண்டியது, பின்சில்லு ஒரு குத்துக் குத்தி ஏறியது. அவ்வளவுதான். அவர் சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். மேலே நின்று பார்த்தால் பன்வில முழுவதும் தெரிந்தது, பனி, லயத்துத் தகரம், கோயில் கொடிமரம். நான் அதைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா நோனாவைக் கொண்டு தன்னை வெளியே தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். வண்டி வரும் சத்தம் கேட்காதல்லவா, நான் வாசல் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நிமிர்ந்தார். என் முழங்காலைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

"விழலையா?" என்றார்.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. கடையில் கேட்ட மருந்து இல்லை என்று நாங்கள் சொல்லும்போது ஆட்கள் கேட்பார்களே, இல்லையா என்று, அந்தக் குரல்.

"இல்ல. சின்ன மேடு," என்றேன். "கான் ஒண்ணு இருந்திச்சி. தாண்டிட்டேன்."

நான் அவருக்கு முன்னால் குந்தி, கதிரையின் பிரேக்கைப் போட்டுவிட்டுச் சொன்னேன்: "புல்லு அறுக்குற அம்மா ஒண்ணு பாத்திருக்கு. நீங்க காலை ஊனிக்கிட்டு உருட்டிக்கிட்டு வந்தீங்களாம். நின்ன மாதிரி விழுந்தீங்களாம். அம்மானு கத்துனீங்களாம்."

அவருடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தூக்கிய விதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. இரக்கப்பட்டு விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைச் சொன்னால் பழி போட அவருக்கு நாலு பேர் கிடைப்பார்கள். தன்னால் விழுந்தோம் என்பது அவரிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு இளையவன் எடுத்து அனுப்பியிருந்த படத்தை அவர் போனிலிருந்தே குரூப்புக்கு அனுப்பினேன். அவர் கை அருகில்தான் இருந்தது, தடுக்கவில்லை. கைதட்டுகிற படங்கள் வரிசையாக வந்தன. ஒருவன் எழுதியிருந்தான்: "அண்ணன் விழுந்த மேடு தானே இது?" நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அந்த வாரத்திலேயே வண்டி போய்விட்டது. நான் கடையில் இருந்தபோது திகணயிலிருந்து ஒரு ஆள் வேனோடு வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். வண்டி அவர் பேரில் இருந்தது, விற்க அவருக்கு உரிமை உண்டு. அன்று மட்டும் வண்டியை வைத்துவிட்டு பஸ்ஸில் போகும்படி காலையில் சொன்னார், டயரில் காற்று இறங்கியிருக்கிறது என்று. நான் நம்பினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் விறாந்தையில் படங்குச் சீலை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"மத்தியானம் எப்படி வருவேன்?" என்று கேட்டேன்.

"வராத," என்றார்.

ஓடினேன். மத்தியானங்களில் பஸ்ஸில் வந்தேன், த்ரீவீலில் வந்தேன். சில நாட்கள் வர முடியவில்லை. முதலாளி இனி மத்தியானம் போக வேண்டாம் என்றார். நோனாவால் அவரைத் தூக்கித் திருப்ப முடியவில்லை, அந்த அம்மாவுக்கே முதுகு பிடித்துக்கொண்டது. முதலில் அவர் முதுகில் ஒரு சிவப்பு. பிறகு தோல் உரிந்தது. பிறகு நான் இங்கே எழுத விரும்பாத ஒன்று.

ஆஸ்பத்திரி வார்டில் இளம் டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சிங்களத்தில் என்னைக் கேட்டார். நாயைக்கூட இப்படி விடமாட்டார்கள், நீ மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் வேறா என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கணவர் குப்புறப் படுத்திருந்தார். முகம் என் பக்கம்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா போகும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

போன பிறகு கேட்டேன்: "வண்டி இருந்திருந்தா இது வந்திருக்காதே. தெரிஞ்சுதானே வித்தீங்க?"

"தெரியும்."

"அப்படி என்னா கோவம் எம்மேல?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீ மத்தியானம் வீட்டுக்குள்ள வர்றப்போ சிரிச்சிக்கிட்டே வருவ. ஹெல்மெட்ட கழட்டுறப்ப பாத்திருக்கேன். ஒவ்வொரு நாளும். என்னைப் பாத்ததும் அது போயிரும்."

நான் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் சொன்னது உண்மைதான். மறுத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

புண் ஆற மாதங்கள் ஆயின. இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பகலில் ஆள் வைத்திருக்கிறேன், தோட்டத்திலிருந்து வந்த பலசாலியான ஒரு பெண். அவரை ஒரே கையால் புரட்டிப் போடுவாள், அவர் திட்டினால் காதில் வாங்கமாட்டாள். இளையவன் அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டான். போன மாதம் யாரிடமோ மின்சார பைக் ஒன்று இரவல் வாங்கி வந்திருப்பதாகச் சொல்லிக் கூப்பிட்டான். ஹேவாஹெட்டப் பக்கம் போனோம், கன்றுகள் நட்டிராத பாதையாகப் பார்த்து. பகல் முழுவதும் ஓட்டினேன்.

தங்கச்சி வீட்டுக்குப் போனதாக அவரிடம் சொன்னேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். நான் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைப் புறங்கையால் மெதுவாக மேசை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போய், கீழே விழ விட்டார். நான் துண்டுகளைப் பொறுக்கி, தரையைத் துடைத்து, இன்னொரு கோப்பை ஊற்றி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போனேன்.